தொழில் தொடங்குமுன் கடன் நாள்களைக் கணக்கிடுங்கள்

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களில் பலர் இயந்திரத்துக்கும் முன்பணத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் காசு காசாகக் கணக்குப் போட்டுவிட்டு, நடைமுறை மூலதனத்தை, அதாவது சரக்கு வாங்கி விற்றுப் பணம் திரும்பி வரும்வரை தொழிலை ஓட்டத் தேவையான பணத்தை மட்டும் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். திறமையும் நல்ல சரக்கும் இருந்தும் தொழில் முதல் ஆண்டிலேயே திணறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

மசாலாப் பொடி தயாரிப்பவரை எடுத்துக்கொள்வோம். மண்டியில் மிளகாயையும் மல்லியையும் ரொக்கம் கொடுத்தே வாங்க வேண்டியிருக்கும். ஆனால் பொடியை வாங்கும் கடைக்காரரோ, "அடுத்த லோடு வரட்டும், பழைய பில்லை முடித்துவிடலாம்" என்பார். வாரம் 20,000 ரூபாய்க்குச் சரக்குப் போட்டு, பணம் 45 நாள் கழித்து வந்தால், எந்த நேரத்திலும் ஏறத்தாழ 1,30,000 ரூபாய் வெளியில் நிற்கும். விற்பனை கூடக் கூட இந்தத் தொகையும் கூடும் என்பதைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை.

ஆகவே முதல் சரக்கு அனுப்புவதற்கு முன்பே குறு, சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையும் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் உண்டு. தெருமுனைக் கடைக்காரரிடம் சட்டம் பேசுவது உறவைக் கெடுக்கும் என்பது உண்மைதான். அவரிடம் கடன் வரம்பை முதல் நாளே பேசி, பில்லிலேயே எழுதிவிடுங்கள்.