ஒளி சிகிச்சை: வயதான முன்னாள் ராணுவத்தினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதான முன்னாள் ராணுவ வீரர்களுக்குத் தூக்கம் கெட்டால் அது இரவோடு முடிவதில்லை. பகலில் மந்தம், மறதி, நடையில் தளர்ச்சி என்று தொடரும். இதற்கு ஒளி சிகிச்சை, அதாவது குறித்த நேரத்தில் பிரகாசமான விளக்கின் முன் உட்காருவது, உதவக்கூடும். ஆனால் நேரம் தவறினால் பலன் தலைகீழாகிவிடும்.

விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் உண்டு. சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளி பட்டதும் அவை மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்குத் தகவல் சொல்லும். காலை ஒளி அந்தக் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், மாலை ஒளி பின்னே தள்ளும். இரவு ஒரு மணி வரை புரண்டுகொண்டிருப்பவருக்குக் காலை ஒளி சரி. ஆனால் ஏழு மணிக்கே கண் செருகி, மூன்று மணிக்கு எழுந்து உட்காருபவர் விடியலில் விளக்கைப் போட்டால் இன்னும் சீக்கிரம் விழிப்பு வரும். அவருக்கு வேண்டியது முன்மாலை ஒளி. ஒரு வாரம் தூங்கும், எழும் நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டிவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது தூரம். வீட்டு விளக்கின் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). சிகிச்சை விளக்கு தரும் 10,000 லக்ஸ், பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தில் உட்கார்ந்தால் மட்டுமே கிடைக்கும். அறையின் மூலையில் வைத்துவிட்டு டிவி பார்த்தால் பயனில்லை. வழக்கமாக அரை மணி நேரம் போதும். கண் திறந்திருக்க வேண்டும், விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. புற ஊதாக் கதிரை வடிகட்டும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள்.

யாரையும் கேட்காமல் தொடங்குவதும் ஆபத்து. விழித்திரை நோய், இருமுனைக் கோளாறு (மனநிலை மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறும் நோய்) உள்ளவர்களும், அமியோடரோன் (இதயத் துடிப்புக்கானது), டாக்ஸிசைக்ளின் (ஆன்டிபயாடிக்) போன்ற, ஒளிக்கு உடலைக் கூச வைக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். குண்டுவெடிப்பிலோ விபத்திலோ தலையில் அடிபட்டவர்களுக்குப் பிரகாசமான ஒளியே தலைவலியைக் கிளப்பலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்: குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதையும், போர் நினைவுகள் கிளறும் கெட்ட கனவுகளையும் விளக்கை நம்பி ஒதுக்கிவிடுவது. அவற்றுக்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது, அது கிடைத்தே ஆக வேண்டும்.

நினைவாற்றல் விஷயத்தில் அளவோடு எதிர்பார்க்கலாம். நெதர்லாந்தின் முதியோர் இல்லங்களில் பகல் முழுக்கச் சுமார் 1,000 லக்ஸ் ஒளி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. அறிவுத்திறன் சரிவது சிறிதளவே குறைந்தது. உடல் தளர்ச்சிக்கோ, விளக்கு தசையை வளர்க்காது. காலை ஒளி தேவைப்படுபவர் முடிந்தால் வெளியே நடக்கட்டும். மேகமூட்டமான பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும், கால்களுக்கும் பயிற்சியாகும்.