செம்பருத்தியை நேருக்கு நேர் எடுக்காதீர்கள்

செம்பருத்தி நம்மைப் பார்த்து விரிந்திருக்கும். நாமும் கேமராவை அதன் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவோம். பெரிய திரையில் பார்த்தால் இதழ்கள் தெளிவாக இருக்கும், நடுவில் நீண்டு நிற்கும் தண்டின் நுனி மங்கியிருக்கும். நுனி தெளிந்திருந்தால் இதழ்கள் மங்கியிருக்கும். உடனே பலரும் லென்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டி, அடுத்த லென்ஸுக்கு விலை பார்க்கத் தொடங்குகிறார்கள். பாவம், லென்ஸ் மேல் குற்றமே இல்லை.

அந்தத் தண்டின் நுனி, இதழ்களின் அடியிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (ஒளியைப் படமாக்கும் சென்சார் பெரிதாக உள்ள வகை) முழுப் பூவும் நிறையும்படி எஃப் 8-இல் (இது லென்ஸ் துளையின் அளவு; எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்) எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே. மிகக் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸோடு இன்னும் நெருங்கி, பூவின் நிஜ அளவே சென்சாரில் விழும் 1:1 நிலைக்குப் போனால் அது 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அரிசியின் தடிமன்கூட இல்லை! இதில் முழுப் பூவையும் தெளிவாகப் பிடிக்க நினைப்பதுதான் முதல் தவறு. எது தெளிய வேண்டும் என்பதை ஷட்டரைத் தொடும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.

செம்பருத்தியில் என் தேர்வு அந்த நுனிதான். வெல்வெட் போன்ற ஐந்து சிறு குமிழ்கள், அவற்றுக்குக் கீழே மஞ்சள் மகரந்தம் அப்பிய மெல்லிய இழைகள். பக்கவாட்டுக்கு நகர்ந்து, தண்டு சென்சாருக்கு இணையாக வரும்படி நில்லுங்கள். இப்போது அடி முதல் நுனி வரை முழுத் தண்டும் ஒரே தூரத்தில் இருக்கிறது, அதனால் மொத்தமாகத் தெளிகிறது. இதழ்கள் பின்னால் சிவப்புத் திரையாகக் கரைகின்றன. இலையின் நரம்புகளை எடுப்பதற்கும் இதே வழிதான்: கேமராவின் முதுகும் இலையின் பரப்பும் இணையாக இருக்கட்டும்.

ஆழம் போதவில்லை என்று அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 22, எஃப் 32 என்று மூடிக்கொண்டே போவது அடுத்த தவறு. சிறு துளையில் நுழையும் ஒளி சிதறுவதால் படம் முழுவதுமே மெல்ல மழுங்கும். 1:1-இல் பெரும்பாலான மேக்ரோ லென்ஸ்களில் எஃப் 16 வைத்தாலே எஃப் 32-இன் விளைவுதான் கிடைக்கும். நான் எஃப் 8, எஃப் 11-ஐத் தாண்டுவது அபூர்வம். கட்டாயம் அதிக ஆழம் வேண்டுமென்றால், ட்ரைபாடில் வைத்து ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்கலாம். காற்று அடித்தால் அதுவும் நடக்காது.

காற்றுக்குக் காலை நேரமே மருந்து. வெயில் ஏறுவதற்கு முன் செடிகள் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். அப்படியும் ஆடினால், படத்தில் விழாத ஒரு குச்சியை நட்டு, துணி மாட்டும் கிளிப்பால் காம்பைப் பிடித்துவிடுங்கள். குறுக்கே வரும் செடியைப் பிடுங்க வேண்டாம், அதையும் கிளிப்பாலேயே ஒதுக்கிவிடலாம். கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையக் கூடாது. ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு அளவு, ஏறினால் ஏறட்டும். படத்தில் புள்ளி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பூவே அசைந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால் மேனுவலுக்கு மாற்றி, உடம்பை மட்டும் துளித்துளியாக முன்னால் சாய்த்தபடி ஐந்தாறு படங்கள் தட்டுங்கள். ஒன்றாவது சரியாக அமையும்.

போனில் எடுப்பவர்கள் மிகவும் ஒட்டிப் போய்விடுகிறார்கள். பல போன்களில் முதன்மை கேமராவால் அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்ய முடியாது. ஒரு சாண் பின்வாங்கி, 2 மடங்கு ஜூமில் எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் பின்னணி. நின்றபடி குனிந்து எடுத்தால் பூவுக்குப் பின்னால் மண்ணும் சருகும்தான் வரும். தும்பை கணுக்கால் உயரத்தில் பூக்கும் செடி. முழங்கையைத் தரையில் ஊன்றினால்தான் அதன் சின்ன வெள்ளைப் பூ நம் கண் மட்டத்துக்கு வரும், பின்னணியும் தொலைவுக்குப் போகும். அழுத்தும் முன் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். வெயில் பட்ட ஒரு வெளிறிய இலை ஓரத்தில் இருந்தால் கண் அங்கேதான் ஓடும். அரை அடி நகர்ந்தால் அது மறைந்துவிடும்.

உச்சி வெயிலில் சிவப்புப் பூ எடுத்தால் இதழின் நரம்புகளெல்லாம் அழிந்து வெறும் சிவப்புத் திட்டாக நிற்கும். வெள்ளை வேட்டி ஒன்றைப் பூவுக்கு மேலே விரித்துப் பிடியுங்கள், எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) முக்கால் ஸ்டாப் குறையுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியாகப் பார்ப்பது நல்லது.

மழைக்காலத்தில் வேலியோரம் காந்தள் பூத்தால் விட்டுவிடாதீர்கள். அதன் ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். பூவை நட்டநடுவில் வைத்தால் அந்த நீட்சி விளிம்பில் முட்டி நிற்கும். அது நீளும் பக்கம் தாராளமாக இடம் விட்டு, ஃபோகஸை அதன் நுனியில் வையுங்கள். செடி முழுவதும் விஷம், கிழங்கு இன்னும் கடுமை. தொட்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு கேமராவை மூடுங்கள்.