பக்கெட் சாப்பாட்டில இருந்து பச்சை இறைச்சிக்கு: குட்டி வளக்கிறவை விடுற பிழையள்

ஸ்காபுரோவில இருக்கிற என்ர மச்சாள் ரெண்டு ஃபெரட் குட்டி வளக்கிறா. முதல் தரம் வீடியோவில பாத்திட்டு அம்மா கேட்டது, "உது கீரியெல்லோ பிள்ளை, ஏன் கட்டில்ல விட்டு வச்சிருக்கிறாய்?" கீரி இல்ல, நீர்நாயின்ர சொந்தம், முயல் பிடிக்கவெண்டு மனிசர் 2000 வருசத்துக்கு மேல பழக்கி வச்சிருக்கிற சாதி எண்டு அவா விளங்கப்படுத்தியும் அம்மாக்கு அது இப்பவும் கீரிதான். அந்த ரெண்டையும் மச்சாள் பக்கெட் பிஸ்கட்டில இருந்து பச்சை இறைச்சிக்கு மாத்தினவா. மாத்தி முடிக்க ரெண்டு மாசம் கிட்டப் போனது. ஆனா எங்கட குடும்ப வொட்ஸ்அப் குறூப்பில வந்தது, குட்டி கோழிக் கழுத்தைக் கரகரெண்டு கடிக்கிற 30 செக்கன் வீடியோ மட்டும்.

நாங்கள் அந்த 30 செக்கனைப் பாத்திட்டுத்தான் தொடங்கினது. எங்களிட்ட ஃபெரட் இல்ல, கிளிநொச்சிப் பக்கம் ஆரிட்ட இருக்கப்போகுது, பூனைக்குட்டிதான். 2022 பொருளாதார நெருக்கடியில பூனைச் சாப்பாட்டு விலை ஏறின ஏற்றத்தில கன வீட்டில ஏற்கனவே யோசினை இருந்தது, உந்தக் காய்ஞ்ச பிஸ்கட்டுக்கு ஏன் காசு, கோழிக்கடையில கழிவு இறைச்சி மலிவா வருது, பூனை எண்டா இறைச்சி தின்னிற சாதிதானே எண்டு. சாதி சரிதான். ஃபெரட்டும் பூனையும் ரெண்டுமே இறைச்சி இல்லாமல் உயிர் வாழ ஏலாததுகள். பிழை அதில இல்ல, நாங்கள் மாத்தின விதத்தில.

முதல் பிழை ஒரே நாளில பக்கெட்டை நிப்பாட்டுறது. "பசிச்சா தின்னும்தானே" எண்டு இறைச்சியை வச்சிட்டு இருக்கிறது. நாய் ஒரு நாள் முறைச்சுக்கொண்டு படுத்திட்டு அடுத்த நாள் தின்னும், குட்டியள் அப்பிடி இல்ல. ஃபெரட்டுக்குக் குடல் சரியான கட்டை, தின்னது 3, 4 மணித்தியாலத்தில வெளியில வந்திடும், அதால அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுகொண்டே இருக்கவேணும், சின்னக் குட்டியைப் பட்டினி போட்டா சீனி இறங்கி அப்பிடியே துவண்டு விழும். அதோட அதுகள் முதல் கொஞ்ச மாசத்தில எந்த மணத்தைச் சாப்பாடெண்டு பழகுதுகளோ அதைத்தான் பிறகும் சாப்பாடெண்டு எடுக்கும், மற்றதெல்லாம் அதுகளுக்குச் சும்மா ஒரு சாமான், முன்னுக்கு இறைச்சி கிடந்தாலும் பசியில சாகுமே தவிர வாய் வைக்காது. அதாலதான் மாத்துறதெண்டா இளசிலயே மாத்தச் சொல்லுறது. பூனைக்குட்டியும் இந்த விசயத்தில அரைவாசி ஃபெரட்தான். ஒரு நாள் முழுக்கத் தின்னாத குட்டியை "அடம் பிடிக்குது" எண்டு விடாதேங்கோ. கொழுத்த பெரிய பூனையும் அப்பிடித்தான், ரெண்டு மூண்டு நாள் தின்னாட்டி உடம்பில இருக்கிற கொழுப்பெல்லாம் ஈரலுக்குள்ள போய் அடைஞ்சு ஈரல் பழுதாப்போகும், காது கண்ணெல்லாம் மஞ்சளாகும்.

மச்சாள் செய்தது என்னெண்டா, பிஸ்கட்டை இளஞ்சுடு தண்ணியில ஊறவச்சு நசிச்சு, அதில பத்தில ஒரு பங்கு அரைச்ச கோழி இறைச்சி. முதல் நாள் அதையும் தொடேல்லையாம், விரலால கொஞ்சம் எடுத்து உதட்டில பூச, நக்கித் துடைக்கேக்கதான் ருசி தெரிஞ்சிருக்கு. பிறகு நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா இறைச்சியைக் கொஞ்சம் கூட்டி பிஸ்கட்டைக் குறைச்சுக்கொண்டு வந்தவா. வயித்தால போனா முந்தின அளவுக்குத் திரும்பிப் போறது, அங்கயே நிண்டு ரெண்டு நாள் பாத்திட்டுத்தான் அடுத்தது. கிழமைக்கு ஒருக்கா சமையல் தராசில வச்சு நிறுக்கிறது. பூனைக்குட்டிக்கும் இதே கணக்குத்தான், நல்லா வளர்ற குட்டி கிழமைக்கு 100 கிராம் அளவில ஏறும், ஒரு கிழமை ஏறாமல் நிண்டாலே ஏதோ பிழை எண்டு எடுக்கலாம். கண்ணால பாத்து "நல்லாத்தான் இருக்கு" எண்டு சொல்லுறது சரிவராது, மயிருக்குள்ள மெலிவு தெரியாது.

இப்ப சொல்லப்போறது நான் விட்ட பிழை, இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேணும். எங்கட குட்டிக்குப் பேர் மிளகு. மூண்டரை மாசத்தில பக்கெட்டை நிப்பாட்டிப்போட்டு, செல்லம் எண்டு கோழியின்ர நெஞ்சு இறைச்சி மட்டும் குடுத்தன், எலும்பில்லாமல், தோலில்லாமல், வடிவா வெட்டி. குட்டியும் ஆசையாத் தின்னும். ஆறு கிழமை போயிருக்கும், திண்ணையில பாய்ஞ்சு ஏறுறது ஏறாமல் கீழயே இருந்து பாக்கத் தொடங்கினது, தூக்கினா கத்துது, பின்னங்காலை இழுக்குது. ஆரோ தடியால அடிச்சுப்போட்டினம் எண்டு பக்கத்து வீட்டுப் பெடியனை வேற சந்தேகப்பட்டன், பாவம் அவன். தூர ஒரு ஊருக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா எலும்பெல்லாம் கடதாசி மாதிரி மெலிசா இருக்கு, பின்னங்காலில வெடிப்பு, விழாமலே வந்த வெடிப்பு. என்ன குடுக்கிறனீங்கள் எண்டு மிருக டொக்டர் கேக்க நான் பெருமையா, நல்ல சாப்பாடு, எலும்பில்லாத இறைச்சி மட்டும்தான் டொக்டர் எண்டன். "உதுதான் வருத்தம்" எண்டார்.

விசயம் இதுதான். இறைச்சியில பொசுபரசு கூட, கல்சியம் இல்லையெண்ட மாதிரி. 100 கிராம் கோழி இறைச்சியில பொசுபரசு 200 மில்லிகிராம் அளவில இருக்கும், கல்சியம் 10 மில்லிகிராம் அளவுதான். உடம்புக்கு ரெண்டும் கிட்டத்தட்டச் சமனா வேணும், கல்சியம் ஒரு சொட்டுக் கூடவா. கிடைக்காட்டி ரத்தத்துக்குத் தேவையான கல்சியத்தை உடம்பு தன்ர எலும்பில இருந்தே உருவி எடுக்கும். வளர்ற குட்டிக்கு அது ஒரு மாசத்திலயே தெரியவரும். பூனை எலி பிடிச்சுத் தின்னேக்க எலும்போட, ஈரலோட, குடலோட முழுசாத் தின்னுது. எலி ஒரு முழுச் சாப்பாடு, நாங்கள் வெட்டிக் குடுக்கிற நெஞ்சுத் துண்டு எலியின்ர சதையில ஒரு மூலை மட்டும். பக்கெட்டை நிப்பாட்டேக்க அந்தக் காய்ஞ்ச பிஸ்கட்டுக்குள்ள இருந்த கல்சியம், விற்றமின், மற்றதெல்லாத்தையும் சேத்துத்தான் நிப்பாட்டுறம் எண்டு ஆரும் யோசிக்கிறேல்ல.

பச்சைச் சாப்பாடு குடுக்கிறவை வழமையா வைக்கிற கணக்கு, நூறில 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 5 பங்கு ஈரல், மிச்சம் 5 மற்ற உள்ளுறுப்புகள். எலும்பு குடுக்க ஏலாட்டி முட்டைக்கோதை அவிச்சுக் காயவச்சு மாவா அரைச்சு அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி போடுவினம், கோதில நூறில 38 பங்கு அளவு கல்சியம்தான். ஆனா உது கல்சியத்தை மட்டும்தான் சரிக்கட்டும், அதைப் போட்டதும் எல்லாம் முடிஞ்சுது எண்டு இருக்கவேண்டாம்.

எலும்பைப் பற்றி ஒண்டு. பச்சை எலும்பு வளையும், அவிச்ச எலும்பு ஊசியா உடையும். கறிச் சட்டியில மிஞ்சின எலும்பைப் போடுற பழக்கம் எங்கட எல்லா வீட்டிலயும் இருக்கு, தொண்டையில குத்தினா, குடலைக் கிழிச்சா, எங்கட பக்கத்தில அந்த நேரத்துக்கு ஒப்பரேசன் செய்ய ஆக்களைத் தேடித் திரிய வேண்டி வரும். பால்பல்லு விழுற வயசில, அது நாலில இருந்து ஆறு மாசம், முரசு நோகும், அந்த நேரம் கழுத்தெலும்பைக் கடிக்கச் சொல்லி வில்லங்கப்படுத்தாமல் அரைச்சுக் குடுங்கோ.

மீன். எங்களுக்கு உது பெரிய கதை. முல்லைத்தீவுக் கடல் கிட்ட, சூடையும் நெத்தலியும் மலிவா வருது, மீன் வெட்டுற இடத்தில பூனை காலைச் சுத்திக்கொண்டுதான் நிக்கும், அப்ப பச்சைச் சூடையையே மூண்டு நேரமும் போட்டா என்ன எண்டுதான் எல்லாருக்கும் வரும். சூடை, நெத்தலி மாதிரி மீனுகளின்ர பச்சைச் சதையில விற்றமின் பி1 ஐ அழிக்கிற ஒரு நொதியம் இருக்கு. நாள்க்கணக்கில அதையே தின்னா பி1 இல்லாமல் போய், முதல்ல சாப்பாட்டில மனம் போகாது, பிறகு வெறிகாரன் மாதிரி ஆடி ஆடி நடக்கும், கழுத்து நிமிராமல் நாடி நெஞ்சில முட்டும், கடைசியில வலிப்பு. பேய் பிடிச்சதெண்டு நூல் கட்டினவையையும் கண்டிருக்கிறன். அவிச்சா அந்த நொதியம் செத்துப்போகும், அதால மீனை மட்டும் அவிச்சு, முள்ளெடுத்து, உப்புப் போடாமல், கிழமைக்கு ஒண்டு ரெண்டு தரம். கொழுப்பு மீனை அவிச்சும் ஒவ்வொரு நாளும் குடுக்கப்படாது, விற்றமின் ஈ குறைஞ்சு உடம்புக் கொழுப்பே வீங்கி நோகும், தடவ விடாது. கருவாடு வேண்டவே வேண்டாம்.

ஈரல் நல்லதெண்டு ஈரலே குடுக்கிறவை இருக்கினம், விற்றமின் ஏ கூடிக் கழுத்தெலும்பு ஒண்டோடொண்டு ஒட்டிப்போற வருத்தம் வரும், அந்த 5 பங்கோட நிப்பாட்டுங்கோ. இருதயம் கிடைச்சா விடாதேங்கோ. பூனைக்கு டோரின் எண்டொரு சாமான் சாப்பாட்டால வந்தே ஆகவேணும், இல்லாட்டி கண்ணும் இருதயமும் போகும். 1987 இல கலிபோர்னியாவில ஆராய்ச்சி செய்தவை டோரின் குறைஞ்சாத்தான் இருதய வருத்தம் வருதெண்டு கண்டுபிடிச்சு எழுதின பிறகுதான் பக்கெட் கம்பனியளே டோரினைக் கூட்டிப் போட்டது. கோழியின்ர இருதயத்திலயும் காலில இருக்கிற கறுத்த சதையிலயும் கூட, வெள்ளை நெஞ்சில குறைவு. அவிக்கேக்க அது தண்ணிக்குள்ள இறங்கிடும், அதால அவிச்சுத்தான் குடுக்கிறதெண்டா அந்தத் தண்ணியை ஊத்தாமல் சாப்பாட்டிலயே விடுங்கோ.

வெயில் எங்கட தனிப் பிரச்சினை. மச்சாள் கனடாவில காலமை வச்ச இறைச்சியை மத்தியானம் எடுக்கிறா எண்டு நாங்களும் அப்பிடி வைக்க ஏலாது. 32 பாகைக்கு மேல போனா பச்சை இறைச்சி ஒரு மணித்தியாலத்துக்கு மேல வெளியில கிடக்கக்கூடாது, பரந்தன் வெயிலுக்கு நான் அரை மணித்தியாலத்தில கோப்பையை எடுத்திடுவன். ஊறவச்ச பிஸ்கட்டும் அதே கணக்கு, காய்ஞ்சு கிடக்கேக்க பழுதாகாதது நனைஞ்சா பழுதாகும். கோழிக்கடைக்குக் காலமை வெள்ளனப் போங்கோ, மத்தியானம் கொக்கியில தொங்கினதை "பூனைக்குத்தானே" எண்டு வாங்கிக்கொண்டு வராதேங்கோ. 2022 இல ஒரு கட்டத்தில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டதே, இப்ப அந்த அளவுக்கு இல்லாட்டியும் உருகின இறைச்சி திரும்ப உறைஞ்சு கிடக்கிறதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: பிறீசருக்குள்ள ஒரு கோப்பை ஐஸில காசு ஒண்டை மேல வையுங்கோ, காசு அடியில போய்க் கிடந்தா எல்லாத்தையும் எறியுங்கோ.

பிறீசரில வச்சா கிருமி சாகுமெண்டு நினைக்கிறதும் பிழை. சல்மொனெல்லா மாதிரி பக்டீரியா குளிருக்குள்ள நித்திரை கொள்ளும், வெளியில வர எழும்பும். பறவைக் காய்ச்சல் வைரஸும் அப்பிடித்தான், 2024 டிசம்பரில அமெரிக்காவில ஓரிகன் மாநிலத்தில வீட்டை விட்டு வெளியில போகாத ஒரு பூனை, உறைய வச்ச பச்சை வான்கோழிச் சாப்பாட்டைத் தின்னு செத்தது. எங்கயாவது கோழியள் கூட்டமாச் சாகுதெண்டு கதை அடிபட்டா அந்த நேரம் பச்சையை விட்டிட்டு அவிச்சுக் குடுங்கோ. வீட்டில பிள்ளைத்தாச்சி இருந்தா பச்சைச் சாப்பாட்டு வேலையே தொடங்காதேங்கோ, பச்சை இறைச்சியால குட்டிக்குத் தொற்றுற ஒரு ஒட்டுண்ணி அதின்ர பீயால வயித்துப் பிள்ளைக்குப் போகும். பூனைப் பீ அள்ளுற வேலையை வீட்டில இருக்கிற ஆம்பிளையள் செய்யட்டும், ஒண்டும் குறையாது.

ஃபெரட் வச்சிருக்கிறவை இதை வாசிச்சா அவைக்கு ஒரு விசயம். தடிமனோட அதைக் கொஞ்சாதேங்கோ, மனிசற்ர இன்ஃபுளுவென்ஸா அதுக்கு அப்பிடியே தொற்றும், 1933 இல லண்டனில அந்த வைரஸை முதல் முதல் பிரிச்சு எடுத்ததே ஃபெரட்டுக்குத் தொற்ற வச்சுத்தான்.

சாப்பாடு மாத்துற கிழமையில பூச்சி மருந்து, தடுப்பூசி, வீடு மாறுறது ஒண்டையும் சேக்காதேங்கோ, வயித்தால போனா எதால போனதெண்டு பிடிபடாது. பூச்சி மருந்தை ரெண்டு கிழமைக்கு முதலே முடியுங்கோ, அரச மிருக வைத்தியர் கந்தோரில கேட்டா குட்டியின்ர நிறைக்கு அளவு சொல்லுவினம். பால் ஊத்துறது, வெங்காயம் உள்ளி போட்ட குழம்பில சோறு பினையிறது, இதுகள் மாத்தினாலும் மாத்தாட்டியும் பிழை.

மிளகை ஆறு கிழமை பெட்டிக்குள்ள பாய விடாமல் வச்சிருந்து, வளர்ற குட்டிக்கெண்டு போட்டிருக்கிற பக்கெட்டுக்கே திரும்ப மாத்தித்தான் எழுப்பினது. இப்ப ஒன்றரை வயசு. காலமை பிஸ்கட், பின்னேரம் கோழிக்கால் சதையும் ரெண்டு இருதயமும் கொஞ்சம், அது மொத்தச் சாப்பாட்டில பத்தில ஒரு பங்கு வராது, அதுக்கு மேல கூட்ட எனக்கு இன்னும் துணிவில்ல. பின்னங்கால் லேசா ஒரு பக்கம் வளைஞ்சுதான் கிடக்கு. போன கிழமை வைக்கோல் போருக்குள்ள எலி ஒண்டு பிடிச்சுத் தலையில இருந்து வால் வரைக்கும் மிச்சம் விடாமல் தின்னுபோட்டு வந்து வாசலில படுத்திருந்துது.