ஜீன் டெஸ்டுக்குக் காசு கட்டும் முன் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள்

குடியாத்தத்தில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி ஜீன் டெஸ்ட் எடுத்தான். மொபைலில் ரிப்போர்ட் வந்தது: டைப் 2 நீரிழிவு அபாயம் 1.4 மடங்கு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் ஒரு தாளில் தாத்தா பாட்டி, நைனா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று எல்லோரையும் எழுதி, சுகர் உள்ளவர்கள் பக்கத்தில் எந்த வயதில் தெரிந்தது, அப்போது ஒல்லியா குண்டா, மாத்திரையா ஊசியா என்று குறியுங்கள். வயதுதான் முக்கியம். பாட்டியைக் கேட்டால் வயது வராது, "உங்க அத்தை கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றுதான் வரும். கணக்கு நீங்கள்தான் போட வேண்டும்.

தலைமுறை தவறாமல், ஒல்லியான ஆட்களுக்கு, 25 வயதுக்குள்ளேயே வந்திருக்கிறதா? அப்படியானால் அது மோடி (MODY) என்கிற, ஒரே ஒரு ஜீனின் கோளாறால் வரும் நீரிழிவு வகையாக இருக்கலாம், அங்கேதான் ஜீன் டெஸ்டுக்குச் செலவழிக்கும் காசுக்கு அர்த்தம் உண்டு. ஹெச்என்எஃப்1ஏ ஜீனில் கோளாறு என்றால் பலருக்கு சல்ஃபோனைல்யூரியா என்கிற சுகர் மாத்திரையே போதும், ஜிசிகே ஜீனில் என்றால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் எண்டோகிரைனாலஜி (ஹார்மோன் நோய்கள்) பிரிவில் இதைப் பார்க்கிறார்கள். நீங்களாக இன்சுலின் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கு, அதாவது நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு மேல், இது நூற்றுக்கணக்கான ஜீன் மாற்றங்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுகிற கதை. பரவலாக இருப்பவற்றில் பெரிய கை 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்த டிசிஎஃப்7எல்2 ஜீன் மாற்றம்; இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். அதுவே ஒரு பிரதிக்கு (அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு வரை வரலாம்) ஏறத்தாழ 1.4 மடங்குதான். 100 பேரில் 20 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், அது 26, 28 ஆகலாம், அவ்வளவுதான். ரிப்போர்ட் கொடுத்தவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இந்த அபாயக் கணக்கு இந்தியர்களின் தரவை வைத்துப் போட்டதா, ஐரோப்பியர்களுடையதா?

அப்புறம் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு அளவெடுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். சென்னையில் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் 100க்குப் போடுவது. தம்பிக்குப் போட்டோம்: வயது 36, அதற்கு 20. இடுப்பு 94 செ.மீ., 10. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சி கிடையாது, 30. சித்திக்கு மட்டும் சுகர், 10. மொத்தம் 70, 60 தொட்டாலே அதிக அபாயம். பரம்பரை கொடுத்தது 10, கல்லாப்பெட்டி கொடுத்தது 30! டிசிஎஃப்7எல்2 இரண்டு பிரதி இருந்தவர்களுக்கும் நடையும் எடைக் குறைப்பும் பலன் தந்ததை அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

கேழ்வரகுக் களி என்றால் எத்தனை உருண்டையும் போகலாம் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அதுவும் மாவுச்சத்துதான், ஒரு உருண்டையோடு நிறுத்துங்கள்.

60 அல்லது அதற்கு மேல் வந்தால் வெறும் வயிற்றில் சுகரும், இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் பாருங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் எல்லையில் நிற்கிறீர்கள். தம்பிக்கு ஹெச்பிஏ1சி 5.9. இப்போது கடையைத் திறக்கும் முன் முக்கால் மணி நேரம் நடக்கிறான், சித்தியையும் கூட்டிக்கொண்டு.