பட்டறைக் கொல்லையில் வெட்டிவேர்: ஈயம் ஊறிய மண்ணை என்ன செய்வது?

தாத்தா காலத்தில் எங்கள் கொல்லையில் பித்தளைப் பாத்திரப் பட்டறை இருந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றுப் பாசனத்து ஊர். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். கடைசல் சுலபமாக வரக் கொஞ்சம் ஈயமும் (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் இல்லை, காரீயம்) சேர்ப்பார்கள். உலைக் கசடும் அரப்பொடியும் கொட்டிய இடம் இரண்டு சென்ட். பட்டறை மூடி முப்பது வருஷம் கழித்தும் அங்கே போட்ட கீரை வெளிறித்தான் நின்றது. சுரங்கக் கழிவு மேடுகளில் செடி வைத்து உலோகத்தை அடக்குகிறார்களே, அதே முறையைத்தான் இங்கே செய்தேன்.

முதலில் மண் பரிசோதனை

இதில்தான் நான் ஒரு வருஷம் ஏமாந்தேன். வழக்கம்போல மண்வள அட்டைக்கு மாதிரி கொடுத்தேன். செம்பு, துத்தநாகம் இரண்டும் 'போதுமானது' என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டேன். அந்த அட்டையில் 12 விவரங்கள் உண்டு. ஈயமும், துத்தநாகத்தோடு ஒட்டிவரும் நச்சு உலோகமான காட்மியமும் அதில் கிடையாது. செம்பு, துத்தநாகத்திலும் பயிருக்குக் கிடைக்கும் பங்கை மட்டும் அளக்கிறார்கள். பற்றாக்குறையைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை. ஆகவே, 'அமிலத்தில் கரைத்து மொத்த ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் பார்க்கவும்' என்று ஆய்வகத்துக்கு எழுதியே கொடுங்கள்.

மாதிரியை ஜி.ஐ. வாளியில் கலக்காதீர்கள். அதன் பூச்சே துத்தநாகம். பிளாஸ்டிக் வாளியும் எவர்சில்வர் கரண்டியும் போதும். உலை இருந்த இடம், கடைசல் இடம், தண்ணீர் ஓடிய வழி என்று தனித்தனியாக எடுங்கள். வயலுக்குச் செய்வதுபோல எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் மோசமான இடம் சராசரியில் மறைந்துவிடும்.

கடுகு வேண்டாம்

கடுகு போட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று பலரும் சொல்வார்கள். சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சென்ட், அரையடி ஆழம் என்றால் சுமார் 8 டன் மண். கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஈயம் என்றால் மொத்தம் 4 கிலோ. ஒரு போகத்தில் 40 கிலோ காய்ந்த செடி கிடைத்து, அது கிலோவுக்கு 100 மில்லிகிராம் எடுத்தாலும் வெளியேறுவது 4 கிராம். ஆயிரம் போகம் ஆகும்! மண்ணில் ஒட்டிய உலோகத்தைக் கரைக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனத்தை ஊற்றினால் செடி வேகமாக எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈயம் கரைந்து நிலத்தடி நீருக்கும் இறங்கும். ஐப்பசியில் எங்கள் கிணற்றில் குனிந்தால் தண்ணீரைத் தொடலாம், அதனால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

என் கட்சி: உலோகத்தை இருந்த இடத்திலேயே கட்டிப்போடுவது. அதற்கு வெட்டிவேர்தான். உறிஞ்சுவதில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும், வேர் மூன்று மீட்டருக்கும் கீழே போகும்.

நடவு

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஆரம்பியுங்கள். மண்ணை நனைத்துவிட்டுக் கொத்துங்கள், புழுதி மூக்கில் ஏறக்கூடாது. மக்கிய எருவைத் தாராளமாகக் கலக்கவும்; ஈயமும் செம்பும் அதில் ஒட்டிக்கொள்ளும். கார அமில நிலை 6.5-க்குக் கீழே இருந்தால் மட்டும் சுண்ணாம்பு. தூரைப் பிரித்து, இலையை ஒரு சாணுக்கும் வேரை இரண்டு அங்குலத்துக்கும் நறுக்கி, அரை அடிக்கு ஒன்றாக வரிசையில் நடுங்கள். சரிவுக்குக் குறுக்கே வரிசை போகவேண்டும். நடுவில் அருகம்புல் தானாகப் படரும். வாய்க்கால் ஓரத்தில் சம்புப் புல் வைத்தேன். நெய்வேலிக் காட்டாமணக்கும் நன்றாக வரும் என்று ஒருவர் சொன்னார். வரும், அப்புறம் வாய்க்காலையே அடைக்கும். நம் ஊர்ச் செடியும் இல்லை.

நறுக்கிய இலையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். மாட்டுக்கும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம்.

பின்சேர்க்கை

இரண்டு பேர் கேட்டார்கள். வேரைத் தோண்டிப் பானைத் தண்ணீரில் போடலாமா? கூடவே கூடாது, ஈயம் இருப்பதே அந்த வேரில்தான். பக்கத்து வயல் நெல்லுக்கு ஆபத்தா? காட்மியம் இருந்தால், தண்ணீர் நிற்கும்வரை அடங்கியிருக்கும். கதிர் வரும் சமயம் வயலைக் காயவிட்டால் நெல்லில் ஏறும். ஆர்சனிக் என்ற நஞ்சு இதற்கு நேர்மாறு, தேங்கிய நீரில்தான் மண்ணிலிருந்து விடுபடும். எனவே வயல் மண்ணையும் தனியாகச் சோதியுங்கள்.

நான் யோசிக்காத ஒன்று: எதிர்வீட்டுப் பாட்டி தினமும் காலையில் வந்து, சாறு பிழிய அந்த அருகம்புல்லைப் பறித்துக்கொண்டிருந்தார். "நல்லா தளதளன்னு இருக்கே தம்பி" என்றார். அன்றைக்கே வேலி போட்டுவிட்டேன்.