பழைய வேட்டைக் கோடரி–கத்தி செட்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே தோல் உறை. அதில் ஒரு கைக்கோடரி, அதன் மேல் தைத்த சின்ன உறையில் ஒரு வேட்டைக் கத்தி. இரண்டையும் சேர்த்து இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். போன நூற்றாண்டில் அமெரிக்காவில் வேட்டைக்கும் காட்டு முகாமுக்கும் போனவர்கள் விரும்பி வாங்கிய சாமான் இது. இன்று இதைத் தேடி வாங்குபவர்கள் வெஸ்டர்ன், கேஸ், மார்பிள்ஸ், எஸ்ட்விங் என்று கம்பெனிப் பெயர்களைத்தான் முதலில் படிக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலான நஷ்டம் வருவது, விற்பவர் "இது செட்" என்று சொன்னதை நம்பி அதற்கு மேல் எதையும் பார்க்காமல் விடுவதால்.

நான் வாங்கிய முதல் செட்டில் எனக்கு இதுதான் நடந்தது. கோடரி நன்றாக இருந்தது, கத்தியும் நன்றாக இருந்தது, உறையில் இரண்டும் போய் உட்கார்ந்தன. வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கத்தி உறையின் வாயருகே தோலில் ஒரு பள்ளம் தெரிந்தது. கத்தியின் கைக்காப்பு பல வருடம் அழுத்தி விழுந்த தடம். என் கத்தியின் காப்பு அந்தத் தடத்துக்கு அரை விரல் மேலேயே நின்றுவிட்டது. அந்த உறையில் அத்தனை காலம் குடியிருந்தது வேறொரு கத்தி.

அதனால் இப்போது முதலில் நான் பார்ப்பது உறையைத்தான். காப்பின் தடம், கோடரி வாய் அழுத்திய கோடு, உறையின் பட்டை மூடி கைப்பிடியில் உரசிய இடம் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கிறேன். அப்புறம் இரண்டு கைப்பிடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்த செட்டுகளில் பெரும்பாலும் தோல் வாஷர்களை அடுக்கி இறுக்கிய கைப்பிடிதான் இருக்கும். நடுவே கறுப்பு, சிவப்பு, பித்தளை என்று மெல்லிய தகடுகள் வரும். ஒரே செட்டாகப் பிறந்த ஜோடியில் அந்தத் தகடுகளின் நிறமும் வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போகும். கத்தி அதிகம் தேய்ந்து கோடரி புதிதுபோல இருந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். கத்தியைத் தினமும் எடுத்திருப்பார்கள், கோடரியை எப்போதாவதுதான் எடுத்திருப்பார்கள். அது இயல்பு. சேர்த்து வைத்த ஜோடி என்று தெரிந்தாலும் வாங்கலாம், தப்பில்லை. இரண்டு தனிச் சாமான்களுக்கான விலையைத்தான் தர வேண்டும், செட்டுக்கான விலையை அல்ல.

உறை கிழிந்திருக்கிறதே என்று அதைத் தூக்கிப் போடுவது, புது உறை தைத்துப் போடுவது இரண்டும் பெரிய பிழை. இரும்பு தப்பிப் பிழைத்த அளவுக்குத் தோல் பிழைப்பதில்லை, அதனால் அசல் உறை கிடைப்பதுதான் அரிது. பழைய உறையில் புதுத் தையல் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு வழி: இந்தக் காலத்துச் செயற்கை நூல் பெரும்பாலும் புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் நீலமாக மினுங்கும்.

அடுத்தது முத்திரை. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கேஸ் கம்பெனி 1970-ல் பெயருக்கு அடியில் 10 புள்ளி வைத்து, வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்தக் கணக்கு மடக்குக் கத்திகளுக்கானது. உறையில் போடும் வேட்டைக் கத்தியில் புள்ளி இல்லை என்பதால் மட்டும் அது 1970-க்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. கொலராடோ மாநிலம் போல்டரில் இயங்கிய வெஸ்டர்ன் கம்பெனி 1977 முதல் வருடத்துக்கு ஒரு ஆங்கில எழுத்தைப் பொறித்தது. A என்றால் 1977, B என்றால் 1978. மிச்சிகனில் கிளாட்ஸ்டோன் ஊரைச் சேர்ந்த மார்பிள்ஸ் 1898-ல் மார்பிள் சேஃப்டி ஆக்ஸ் கம்பெனி என்ற பெயரில் தொடங்கி, 1911-ல் மார்பிள் ஆர்ம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய பெயர் பொறித்த பொருள் அந்த ஆரம்ப காலத்தைச் சேர்ந்தது. ஆனால் 'மார்பிள்ஸ்' என்ற சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெயரில் இப்போதும் கத்தியும் கோடரியும் விற்பனைக்கு வருகின்றன.

காப்புரிமை எண்ணைத் தயாரித்த வருடமாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை வரிசையில் 10 லட்சமாவது எண் 1911-லும், 20 லட்சமாவது எண் 1935-லும், 30 லட்சமாவது எண் 1961-லும் வந்தன. 20 லட்சத்தைத் தாண்டிய எண் இருந்தால் பொருள் 1935-க்கு முன் வந்திருக்க முடியாது, அவ்வளவுதான் தெரியும். அதே எண்ணைப் பல வருடம் பொறித்துக்கொண்டே இருப்பார்கள். அட்டைப்பெட்டியும் சேர்ந்து கிடைத்தால் முகவரியைப் பாருங்கள். ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்காவின் பின்கோடு) இருந்தால் அந்தப் பெட்டி 1963-லோ அதற்குப் பிறகோ வந்தது.

சோலிங்கன் என்று பொறித்திருந்தால் அதைக் கம்பெனிப் பெயர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது ஜெர்மனியில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1938 முதல் அந்த ஊர்ப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தயாரித்தவர் யார் என்பதற்கு வேறு பெயரையோ சின்னத்தையோ தேட வேண்டும். 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட காலம்.

கேஸ் செய்த ஒரு வகை செட்டில் கைப்பிடி ஒன்றே ஒன்றுதான். கத்தி அலகையும் கோடரித் தலையையும் மாற்றி மாற்றி அதில் பொருத்திக்கொள்ள வேண்டும். இது தெரியாமல், "கோடரிக்குக் காம்பு இல்லை" என்று அந்தத் தலையைத் தனியாகப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். மார்பிள்ஸ் சேஃப்டி கோடரியிலும் இதே கவனம் வேண்டும். அதன் வாயை மூட ஒரு மடக்குக் காப்பு உண்டு, தேவையில்லாதபோது அது கைப்பிடிக்குள் மடங்கிப் போகும். காப்பு தொலைந்த கோடரி முழுமையானதல்ல, விலையும் இறங்கும்.

சரி, வாங்கியாயிற்று. அடுத்த தவறு வீட்டில் நடக்கிறது: பளபளப்பாக்குவது. பழைய கார்பன் எஃகில் சாம்பலும் நீலமுமாகப் படிந்திருக்கும் கருமை அழுக்கல்ல, பல வருடத்தில் தானாகப் படிந்த மேல்தோல். உப்புத்தாளையோ பஃப் மோட்டாரையோ எடுத்தால் அந்தக் கருமையோடு முத்திரையின் விளிம்பும் மழுங்கும். பொறித்த எழுத்தின் ஓரத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். கூர்மையாகத் தட்டுப்பட்டால் யாரும் தேய்க்கவில்லை. சோப்புக் கட்டிபோல வழுக்கினால் இயந்திரத்தில் கொடுத்திருக்கிறார்கள். செந்துருவை மட்டும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மிருதுவான துணியாலும் மூங்கில் குச்சியாலும் நிதானமாக எடுத்தால் போதும்.

சாணை பிடித்துத் தேய்ந்ததையும் கவனிக்க வேண்டும். கத்தியின் பக்கவாட்டில் ஓடும் நீளப் பள்ளம் வெட்டு வாய்க்கு மிக அருகில் வந்திருந்தால் அலகு நிறையக் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். கோடரியின் பின்தலை காளான்போல விரிந்திருந்தால் அதைச் சம்மட்டியாக அடித்திருக்கிறார்கள்.

கடைசியாக, செட்டை உறையோடு சேர்த்தே வைத்துப் பூட்டிவிடுவது. பார்க்க அழகுதான், ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எஃகு துருப்பிடிக்கும், தோலிலுள்ள கொழுப்பும் அமிலமும் பித்தளை ரிவெட்டில் பச்சைக் களிம்பை ஏற்றும். உறையைக் காலியாக, பக்கத்தில் வைக்கவும். எஃகின் மேல் மெழுகை மெல்லிசாகப் பூசவும். தோலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால் அது தொய்ந்து, நான் முன்பு சொன்ன அந்தத் தடங்களும் மறைந்துவிடும். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் கைப்பிடி செய்த கத்தி இருந்தால் அதை மட்டும் காற்றோட்டமான இடத்தில் தனியாக வைக்க வேண்டும். அது சிதையும்போது வரும் ஆவி பக்கத்திலுள்ள எஃகையும் அரித்துவிடும்.

நான் உறையை எஃகிலிருந்து பிரித்து வைத்த அன்றே ஒரு சின்ன அட்டையில் எழுதி உறையோடு கட்டிவிடுகிறேன்: எது எதோடு வந்தது, தடம் பொருந்தியதா, உறையில் எந்தத் தையல் புதிது.