முதல் ஃபேன்ஃபிக் போடுவது எப்படி: கதைக்கு முன்னால் கருத்து

பொன்னியின் செல்வன் தொடராக வந்து 1954இல் முடிந்தபோது வாசகர்கள் கல்கியைச் சும்மா விடவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று, இவன் எங்கே போனான் என்று கேட்டவர்களுக்காக அவர் தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. பின்னாளில் எழுத்தாளர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' நாவலில் அந்தக் கதையை மேலே கொண்டுபோனார். இன்னொருவர் படைத்த ஆட்களை எடுத்துக்கொண்டு நாம் மேலே கதை சொல்வது நம் ஊருக்குப் புதிதில்லை. ஃபேன்ஃபிக் என்ற பெயரும், அது நடக்கும் இணையக் கூட்டங்களும், அவற்றின் பழக்கவழக்கங்களும்தான் புதிது.

அந்தப் பழக்கவழக்கங்கள் தெரியாமல் வாசலிலேயே நிற்கிற சென்னை நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிப்பது, கருத்து எழுதுவது, அதற்கப்புறம்தான் கதை. பலர் நேரே கதையில் ஆரம்பித்துவிட்டு, 'ஒருத்தரும் எட்டிப் பார்க்கலையே' என்று நொந்துகொள்கிறார்கள்.

படி 1: வாசகராக உள்ளே போங்கள்

உலக அளவில் பெரிய கிடங்கு ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன். சுருக்கமாக ஏஓ3. லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிறது. 2009இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். விளம்பரம் கிடையாது, வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். 2019இல் அறிவியல் புனைகதை உலகின் ஹ்யூகோ விருதே வாங்கியது. பெரும்பாலான கதைகளைப் படிக்கக் கணக்கு தேவையில்லை. கணக்கு வேண்டுமென்றால் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, அழைப்பு வரும்வரை வரிசையில் நிற்க வேண்டும். அந்த நாட்களைப் படிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியிலேயே எழுதி கைபேசியிலேயே படிக்கிறவர்கள் வாட்பேட் செயலியில் அதிகம். அங்கே வரிக்கு வரி கருத்துப் போடலாம். சீரியல் ஜோடிகளுக்கு எழுதுகிறவர்கள் தனிக் கூட்டம்; அவர்கள் வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது. இன்று இரவு எபிசோடில் கதாநாயகி அழுதால், நாளைக் காலை அலுவலகம் கிளம்புவதற்குள் அவளைச் சிரிக்க வைத்து ஒரு கதை வந்திருக்கும்.

தொடக்கத்தில் முடிந்துபோன கதைகளாகப் பார்த்துப் படியுங்கள். பாதியில் நிற்கும் கதைகள் நிறைய இருக்கின்றன. முதல் வாரமே அதில் மாட்டிக்கொண்டால் வெறுத்துப்போகும்.

படி 2: குறிச்சொற்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு கதைக்கும் மேலே வயது வரம்பு, எச்சரிக்கை, யார் யாருக்கு இடையிலான கதை, என்ன வகை என்றெல்லாம் குறித்திருப்பார்கள். இதுதான் டேக். இதைப் பார்க்காமல் உள்ளே போவது, வாசலில் உள்ள பெயர்ப் பலகையைப் படிக்காமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் போய்ப் பந்தியில் உட்காருவது மாதிரி. சாப்பாடு நன்றாகவே இருக்கலாம். ஆனால் அது உங்களுக்கு வைத்த இலை இல்லை.

மூலக்கதையில் இருப்பது கேனன். ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தையோ ஊரையோ மாற்றினால் ஏயூ. நீங்களாகச் சேர்க்கும் புது ஆள் ஓசி. ஒரே மூச்சில் முடிகிற கதை ஒன்ஷாட். மற்றவை போகப் போகப் புரியும்.

ஒன்றை மட்டும் இப்போதே மனப்பாடம் செய்யுங்கள். இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு இருந்தால் காதல்; '&' இருந்தால் நட்போ உறவோ. குந்தவை / வந்தியத்தேவன் என்று போடலாம். குந்தவை & அருள்மொழி என்றுதான் போட வேண்டும். அக்கா தம்பிக்கு நடுவில் சாய்கோடு போட்டுவிட்டு, 'பாசக் கதைதானே எழுதினேன், ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்' என்று கேட்டுப் பயனில்லை.

எச்சரிக்கைகளும் அப்படித்தான். முக்கிய பாத்திரம் சாகிறது, வன்முறை இருக்கிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு பிடிக்காதவர் உள்ளே வரக் கூடாது. வந்துவிட்டுச் சண்டை போடவும் கூடாது. 'பிடிக்கலையா, படிக்காதே' என்பது இங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட பழைய சட்டம்.

படி 3: கருத்து எழுதப் பழகுங்கள்

இங்கே யாருக்கும் சம்பளம் இல்லை. ஓஎம்ஆரில் ஷிப்ட் முடித்து வந்து, ராத்திரி பதினோரு மணிக்குமேல் ஒருவர் ஆயிரம் வார்த்தை எழுதிப் போடுகிறார் என்றால், அவருக்குத் திரும்பக் கிடைப்பது நீங்கள் எழுதும் நாலு வரிதான். ஏஓ3இல் பாராட்டைக் காட்ட குடோஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு கதைக்கு ஒரு தடவைதான் அழுத்தலாம். கணக்கு இல்லாதவரும் அழுத்தலாம். அழுத்துங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவர்களைச் சைலண்ட் ரீடர் என்பார்கள். திட்டு இல்லை, செல்லக் கோபம்.

தமிழ் வட்டாரங்களில் அதிகம் பார்க்கக்கூடிய கருத்து இதுதான்: 'அடுத்த யூடி எப்போ சிஸ்?' யூடி என்றால் அடுத்த பகுதி. கேட்பவர் ஆசையாகத்தான் கேட்கிறார். ஆனால் இப்போதுதான் ஒரு பகுதியைப் போட்டு முடித்தவருக்கு அது, சாப்பாடு பரிமாறிய கையோடு 'ராத்திரிக்கு என்ன' என்று கேட்பதாகவே விழும். அதற்கு முன்னால் ஒரு வரியாவது இந்தப் பகுதியைப் பற்றி எழுதுங்கள். (எழுதுகிறவர் ஆண் என்று தெரியாமல் 'சிஸ்' என்று கூப்பிடுவதும் உண்டு. பெரும்பாலானவர்கள் திருத்துவதில்லை.)

சரி, என்ன எழுதுவது? 'சூப்பர்' என்பது கருத்துத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி எழுதிப் பாருங்கள்:

'பூங்குழலி பதில் சொல்லாமல் துடுப்பை எடுத்துப் படகுக்குள் வைக்கிறாளே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். அவள் கோபத்தைப் பேச வைக்காமல் கையால் காட்டியது ரொம்பப் பிடித்தது.'

ஏதோ ஒரு இடத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். அது உங்களை என்ன செய்தது என்று சொல்லுங்கள். இலக்கிய விமர்சனம் வேண்டாம். எழுதியவர் தானாகக் கேட்டால் ஒழிய, பிழைப் பட்டியலும் வேண்டாம். புத்தக மதிப்புரை எழுதிப் பழகியவர்களுக்கு இது உறுத்தும், தெரியும். காசு வாங்காமல் பொழுதுபோக்காக எழுதுகிறவரைப் பொதுவெளியில் திருத்துவதை இங்கே மரியாதைக் குறைவாகவே பார்க்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இந்திய ரசிகர் வட்டாரங்களில் பார்க்கக்கூடிய இன்னொரு வழக்கம் 'ரெஸ்', அதாவது ரிசர்வ். புதுப் பகுதி வந்ததும் படிக்க நேரமில்லாதவர் 'ரெஸ்' என்று மட்டும் போட்டு இடம் பிடித்து வைப்பார். பிறகு வந்து அதே இடத்தில் முழுக் கருத்தையும் நிரப்புவார். பஸ்ஸில் துண்டு போடும் ஊரிலிருந்து வரும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் போட்ட துண்டுக்குத் திரும்பி வந்து உட்கார வேண்டும். வராத 'ரெஸ்'கள் யாருடையவை என்று எழுத்தாளருக்கு நன்றாக நினைவிருக்கும்.

படி 4: சின்னதாக ஒன்று எழுதுங்கள்

முதல் கதையே நாற்பது பகுதித் தொடராக வேண்டாம். ஒரு காட்சி போதும். சரியாக 100 வார்த்தையில் எழுதும் டிராபிள் என்ற வகை உண்டு. தமிழில் அது கொஞ்சம் சலுகையானது. 'வந்துகொண்டிருந்தவனிடம்' என்பது நமக்கு ஒரே வார்த்தை. அதனால் நூறில் ஒரு முழுக் காட்சியே அடங்கும்.

கருவுக்கு வெளியூர் போக வேண்டாம். பொன்னியின் செல்வன் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அந்த ஏரிதான் இன்றைய வீராணம். 2004 முதல் சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியே சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுப்பதும் அதே ஏரி. வந்தியத்தேவன் குதிரையை நிறுத்தி வியந்து பார்த்த தண்ணீர் இப்போது நம் ஊர்க் குழாயில் வருகிறது! இதற்குமேல் என்ன வேண்டும்? வந்தியத்தேவனைத் தண்ணீர் லாரி ஓட்டுநராக்குங்கள். குந்தவையை ஃபிளாட் அசோசியேஷன் செக்ரெட்டரி ஆக்குங்கள்.

'மேடம், லாரியை எங்க நிறுத்தட்டும்?'

'கேட் பக்கம் வேண்டாம். போன தடவை வந்தவர் துளசி மாடத்தை இடிச்சுட்டுப் போயிட்டார்.'

'நான் குதிரையையே இடிக்காம ஓட்டுவேன் மேடம்.'

அவள் சிரிக்கவில்லை. அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். காஞ்சிபுரத்தில் அவள் அண்ணன் கொடுத்தனுப்பிய கவர் பத்திரமாக இருந்தது.

நூற்றாண்டு மாறிவிட்டது. ஆனால் கரிகாலனின் ஓலை கவராக இருக்கிறது. தூது வந்தவனின் துடுக்கு இருக்கிறது. தன் எல்லைக்குள் நடப்பது எல்லாவற்றையும் கவனிக்கிற இளைய பிராட்டியும் இருக்கிறாள். ஏயூ எழுதுவதன் சூட்சுமம் இவ்வளவுதான்: ஊரை மாற்றலாம், ஆளின் குணத்தை மாற்றக் கூடாது. குணமும் மாறிவிட்டால் பெயரை மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்?

பேச்சு மொழியை முதல் வரியிலேயே முடிவு செய்துவிடுங்கள். சோழர் காலத்திலேயே கதை நடந்தால் நாவலின் நடை. சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டால் சென்னைப் பேச்சு. லாரியை ஓட்டிக்கொண்டு 'தேவி, தங்கள் சித்தம் என் பாக்கியம்' என்று பேசினால் கிண்டலாகத்தான் இருக்கும். கிண்டல்தான் நோக்கம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

தட்டச்சுக்கு எந்த விசைப்பலகையும் சரி, யூனிகோடாக இருந்தால் போதும். தமிழ்99 கற்றுக்கொண்டால் வேகம் வரும்.

படி 5: இன்னொரு கண்

போடுவதற்கு முன் கதையைப் படித்துத் திருத்தித் தருகிறவர் பீட்டா ரீடர். ல, ள, ழ தடுமாற்றத்தையும், நடுவில் பெயர் மாறிப்போன பாத்திரத்தையும் அவர்தான் பிடிப்பார். படி 3ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் இப்போது கேட்பதற்கு ஆள் இருப்பார். கதையின் தலையில் நன்றி சொல்ல மறக்காதீர்கள்.

படி 6: போடுங்கள்

தலைப்பு, இரண்டு வரிச் சுருக்கம், டேக்குகள், மேலே ஒரு குறிப்பு. சுருக்கத்தில் 'எனக்குச் சுருக்கம் எழுத வராது' என்று எழுதுவது உலகம் முழுக்க இருக்கும் சடங்கு. தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள், அந்த இடத்தில் லாரியையும் கவரையும் சொன்னால் நாலு பேர் உள்ளே வருவார்கள்.

'பாத்திரங்கள் என்னுடையவை அல்ல' என்று குறிப்பில் போடுவதும் பழைய வழக்கம். அந்த ஒரு வரியால் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது; மரியாதைக்காகப் போடுவது. இந்தியாவில் பதிப்புரிமை, எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் இருக்கும். கல்கி 1954இல் காலமானார். அந்தக் காலக்கெடு முடியும் முன்பே அவர் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதனால் கவலையில்லாமல் எழுதலாம். மற்ற கதைகளுக்கு எழுதும்போது காசு பேச்சே கூடாது. கதையின் அடியில் ஜிபே எண் போடுவதை ஏஓ3 அனுமதிப்பதில்லை.

நிஜ நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் வைத்து எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் நடித்த பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் குடும்பத்தை விட்டுவிடுங்கள்.

படி 7: கொண்டாட்டங்களில் சேருங்கள்

ஃபேன்ஃபிக் கூட்டங்களில் பரிசு கொடுப்பதென்றால் கதை கொடுப்பதுதான். ஒருவருக்குப் பிறந்த நாள் என்றால் அவருக்குப் பிடித்த ஜோடிக்கு நாலு பக்கம் எழுதித் தருவார்கள். பெரிய அளவில் நடப்பதில் பேர்போனது யூல்டைட். அதிகம் பேர் எழுதாத கதைகளுக்காக 2003 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கிறது. ஆளுக்கொரு விருப்பப் பட்டியல் கொடுப்பார்கள். யார் யாருக்கு எழுத வேண்டும் என்று நடத்துகிறவர்கள் ரகசியமாகப் பிரித்துத் தருவார்கள். குறைந்தது ஆயிரம் வார்த்தை எழுத வேண்டும். கதைகள் 25ஆம் தேதி திறக்கப்படும். எழுதியது யார் என்பது புத்தாண்டு அன்றுதான் தெரியும்.

பத்துப் பேர் உள்ள வாட்ஸ்அப் குழு இருந்தாலே இதை நாமும் செய்யலாம். சோழக் கதை ரசிகர்களுக்கு ஆடிப்பெருக்கைவிட நல்ல தேதி கிடைக்காது. ஒரு கூகுள் படிவம், ஒரு கடைசித் தேதி, அப்புறம் முக்கியமாக, யாராவது கடைசி நேரத்தில் கைவிட்டால் ஈடுகட்ட எழுதிக்கொடுக்க இரண்டு பேர். ஒருவருக்குப் பரிசே வராமல் போவதைப்போலக் குழுவை உடைக்கும் விஷயம் வேறில்லை.

நேரில் சந்திக்க ஆசைப்பட்டால், ஜனவரி புத்தகக் காட்சியோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமோ வசதி. பொது இடம், பகல் நேரம். புனைபெயரோடு வருகிறவரை அந்தப் பெயராலேயே கூப்பிடுங்கள். எங்கே வேலை, எந்த ஏரியா என்று அவர் சொன்னால் ஒழியக் கேட்காதீர்கள். மாமியாருக்கும் மேனேஜருக்கும் தெரியாமல் எழுதுகிறவர்கள் இங்கே அதிகம். ஒருவருடைய நிஜப் பெயரை வெளியில் விடுவதை யாரும் மன்னிப்பதில்லை.

படி 8: நிறுத்துவதற்கும் முறை உண்டு

தேர்வு, பிரசவம், வேலை மாற்றம் என்று எது வந்தாலும் தொடர் நிற்கும். 'கொஞ்ச நாள் இடைவெளி' என்று ஒரு குறிப்புப் போடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மொத்தமாக விலகுவதென்றால் ஏஓ3இல் கதையிலிருந்து உங்கள் பெயரை மட்டும் கழற்றிவிடும் வசதி இருக்கிறது. கதை அங்கேயே இருக்கும், கருத்துகளும் இருக்கும். ஒருமுறை கழற்றினால் திரும்ப ஒட்ட முடியாது, யோசித்துச் செய்யுங்கள். அழித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். வேண்டியவர்கள் பிடிஎஃப் ஆகவோ ஈபப் ஆகவோ இறக்கி வைத்துக்கொள்வார்கள்.